பதினேழாம் வரி

ஒரே ஒரு பெயர்தான் சேர்க்க வேண்டும். தட்டச்சு செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைக் கெர்ட்ரூட் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருவது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்று தள்ள முடியாது. இன்று கல்லறைத் திருநாள். மாலை ஆறு மணிக்குப் பூசை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. கெர்ட்ரூட்டுக்கு அறுபது வயது. கூலாயில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் செபஸ்தியனும் அங்கேதான் வேலை பார்த்தார். போன பிப்ரவரியில் ஒரு காலை, காப்பியைப் பாதி குடித்துவிட்டு, மாரடைப்பில் போய்விட்டார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் எவ்லின் இருக்கிறாள். செபஸ்தியனின் தம்பி கென்னத்தின் மகள். இரண்டு வயதில் தாயைக் காய்ச்சலுக்கும், நாலு வயதில் தகப்பனைச் சிகாமட் வெள்ளத்துக்கும் கொடுத்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள். இப்போது இருபத்து மூன்று. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கெர்ட்ரூட்டைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அவசரத்தில் அது வெறும் ‘ம்மா’வாகக் குறைந்துபோகும் நாட்களில் கெர்ட்ரூட் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிடுவாள்.

அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாள் மாலைப் பூசையில் குடும்பத்துக்கு ஒருவர் மெழுகுவத்தியோடு முன்னால் போய், தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை உரக்க வாசிக்க வேண்டும். செபஸ்தியன் பட்டியலில் இருபத்தாறு பேர். புதிதாக வந்த ஃபாதர் ஒரு வருடம் தயங்கித் தயங்கி, “வீட்டுக்குப் பத்துப் பேரு போதுமே?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அதுக்கென்ன ஃபாதர், நீங்க பிரசங்கத்துல பத்து நிமிஷம் கொறைங்க. எங்காளுங்க எல்லாரும் உள்ள வந்துருவாங்க,” என்றார் செபஸ்தியன்.

ஃபாதர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செபஸ்தியன் வருடா வருடம் இருபத்தாறு பேரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். இந்த வருடம் வாசிக்கப்போவது எவ்லின்.

காலை பத்து மணி. எவ்லின் ஷிப்டுக்குப் போய்விட்டாள். கெர்ட்ரூட் துணி காயப்போட்டாள், கொத்தமல்லியை ஆய்ந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பை இன்னொரு முறை துடைத்தாள். செய்ய வேறு வேலை அகப்படவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செபஸ்தியனின் மடிக்கணினியைத் திறந்தாள்.

கோப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று ‘ஆத்துமாக்கள்’. இன்னொன்று ‘ஆத்துமாக்கள் புதுசு’.

அதில் அதிசயமில்லை. பழையதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, திருத்தியதைத் தனியாகச் சேமிக்கிறவர் அவர். அலுவலகப் பழக்கம். தேதியைப் பார்த்தபோதுதான் கெர்ட்ரூட்டுக்குப் புருவம் ஏறியது. பழையது போன வருடம் அக்டோபரில் சேமித்தது. புதுசு, இந்த வருடம் ஜனவரி பதினேழு. நவம்பரில் வாசிக்கிற பட்டியலை ஜனவரியில் யார் உட்கார்ந்து திருத்துவார்கள்?

வேர்டில் இரண்டையும் திறந்து, அருகருகே வைத்துக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும்.

அந்தப் பொத்தானோடு அவளுக்கு ஒரு பழைய பகை உண்டு.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. வக்கீல் லோகேஸ்வரன் ஒரு பத்திரத்தைத் திருத்திக் கொடுத்தால், புதிதாக அடித்த பிரதியைப் பழையதோடு ஒப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒருவர் பழையதை உரக்க வாசிப்பார். மற்றவர் புதியதில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். கமா, ஃபுல் ஸ்டாப், அடைப்புக்குறி எதுவும் விட்டுப்போகக் கூடாது. வாசிக்கிறவர் செபஸ்தியன். விரல் வைக்கிறவள் கெர்ட்ரூட்.

நிலம் விற்கிற பத்திரத்தைக்கூடக் கோயிலில் வேத நிருபம் வாசிப்பது போல வாசிப்பார் மனுஷன். எட்டு மாதம் அப்படி வாசித்தார். ஒன்பதாவது மாதம் ஒரு மத்தியானம், எண்ணெய்ப்பனைத் தோட்டப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் கமாவும் ஃபுல் ஸ்டாப்புமாக வாசித்துக்கொண்டே வந்தவர், குரலைத் துளியும் மாற்றாமல் தமிழில், “மிஸ் கெர்ட்ரூட் வியாழக்கிழமை சாயங்காலம் என்னோட டீ குடிக்க வருவாங்களா, கேள்விக்குறி” என்றார்.

கெர்ட்ரூட் தலையைத் தூக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

“இது என் காப்பியில இல்லையே.”

“விட்டுப் போயிருக்கும். சேத்துக்குங்க.”

சேர்த்துக்கொண்டாள். அடுத்த வருடமே கல்யாணம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பல வருடம் கழித்து இந்தப் பொத்தானும் வந்தது. இரண்டு ஆவணத்தையும் ஒரே திரையில் வைத்து ஒரே ஆள் பார்த்துவிடலாம் என்று வக்கீல் குதூகலித்தார். எதிர் நாற்காலி வரவேற்பறைக்குப் போயிற்று. செபஸ்தியனை நில அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிற வேலைக்கு மாற்றினார்கள். கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தும், தினமும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பினார்கள் என்றாலும், கெர்ட்ரூட் அன்று கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். செபஸ்தியனுக்குக்கூட அது தெரியாது.

இன்று வாசிக்க ஆளில்லை. திரைதான் துணை.

முதலில் எண்ணினாள். பழையதில் இருபத்தாறு. புதியதிலும் இருபத்தாறு. எண்ணிக்கை சரியாக இருந்தால் ஆவணம் சரி என்று நம்புகிற கத்துக்குட்டி அல்ல அவள். மேலிருந்து வந்தாள்.

முதல் இரண்டு வரியிலேயே ஒரு மாற்றம். பழையதில் மாமனார் முதலில், மாமியார் இரண்டாவது. புதியதில் மாமியார் முதலில். உயிரோடு இருந்தவரை மாமனார் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகே தட்டைத் தொட்ட அம்மாள் அது. இப்போதாவது மகன் முதல் பந்தியில் உட்காரவைத்தாரே என்று கெர்ட்ரூட் தனியாகச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவரை நினைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசி வரியில் ஒரு புதுப் பெயர். திருமதி லிம். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள், போன டிசம்பரில் இறந்தவர். கோயில் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். ஆனால் எவ்லின் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், அழுகையை நிறுத்தாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய், யார் வீட்டுக் கோழிகளையோ காட்டி அடக்கியவர். சேர்க்க வேண்டிய பெயர்தான்.

நடுவில் ஜிம்மியும் இருந்தது. ஜிம்மி அவர்கள் வளர்த்த நாய். நாயின் பெயரைப் பூசையில் வாசிப்பது பாவம் என்று எத்தனை சண்டை போட்டிருப்பாள்! “ஃபாதருக்குத் தெரியவா போகுது? ஏதோ எஸ்டேட் மாமான்னு நெனச்சிக்குவாரு,” என்பார் செபஸ்தியன். புதியதிலும் ஜிம்மி பத்திரமாகவே இருந்தது.

ஆனால் ஜிம்மிக்கு எதிரே ஜிம்மி இல்லை.

இடப்பக்கம் இருபத்திரண்டாவது வரியில் இருந்த நாய், வலப்பக்கம் இருபத்தோராவது வரிக்கு ஏறியிருந்தது. மேலே எங்கோ ஒரு வரி குறைந்திருக்கிறது. கடைசியில் திருமதி லிம் வந்ததால்தான் எண்ணிக்கை சமமாகியிருக்கிறது. கெர்ட்ரூட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாக மேலே போனாள். பதினேழாம் வரியில் நின்றாள்.

இடப்பக்கம்: கென்னத். வலப்பக்கம்: ஞானப்பூ அத்தை.

நாய் இருக்கிறது. கூடப் பிறந்த தம்பி இல்லை.

அந்த வெள்ளத்தின்போது கென்னத் சிகாமட்டில் இருந்தான். மனைவி பிலோமினா போன துக்கத்தில் பாதி ஆளாகியிருந்தான். தண்ணீர் ஏறுவதற்கு முந்தின நாள்தான் குழந்தையைக் கூலாய்க்குக் கொண்டுவந்து விட்டுப்போனான். “ரெண்டு நாள் பாத்துக்குங்க அண்ணி.” தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றோரம் ஒரு வேலியில் சிக்கிய அவன் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. செபஸ்தியன் ஒரு வருடம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் ரயிலேறிப் போய்த் தேடினார். அடுத்த நவம்பரில், தன் கையாலேயே அவன் பெயரைப் பட்டியலில் எழுதினார். எழுதிய அன்று இரவு சாப்பிடவில்லை.

கென்னத் வந்தால் வீடு அதிரும். கேட்டைத் திறக்கும்போதே, “அண்ணி, அடுப்ப அணைக்காதீங்க, வந்துட்டேன்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவான். மத்தி சம்பலும் சுடுசோறும் போதும் அவனுக்கு. சாப்பிட்டு முடித்துக் கிதாரை எடுத்தால் சுருதி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் போவார்கள். அவனைத் திட்டிக்கொண்டே அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்த நாட்கள் எவ்வளவோ.

செபஸ்தியன் கை தவறி ஒரு வரியை அழிக்கிற ஆள் இல்லை. இத்தனை வருடம் அவரோடு வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா? எதை நீக்கினாலும் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். கெர்ட்ரூட் வலப்பக்கத்து ஓரத்தைப் பார்த்தாள். ஞானப்பூ அத்தைக்கு மேலே ஒரு சின்னக் குறிப்புப் பெட்டி மூடிக் கிடந்தது. அழுத்தினாள்.

‘ஒரு வரி நீக்கம். தகவல்: ரூபேந்திரன், ஜனவரி 14. நேரில் சரிபார்த்தது: ஜனவரி 16. செ.’

நேரில் சரிபார்த்தது. வக்கீல் அலுவலகத்தில் அதற்கு ஒரே பொருள்தான். கண்ணால் பார்த்தாயிற்று.

ஜனவரி பதினாறு. கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, நில அலுவலகத்தில் வேலை என்று கிளம்பிப் போனார். திரும்பி வந்தவர் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு ரேடியோவில் நல்ல பாட்டு என்றார்.

ரூபேந்திரன் கென்னத்தோடு ஒன்றாகப் படித்தவன். சிகாமட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். கெர்ட்ரூட் போனை எடுத்தாள்.

“அண்ணி! எப்படி இருக்கீங்க? பசியாறியாச்சா?”

“ரூபேன், ஜனவரி பதினாலாந்தேதி நீ உங்கண்ணன்கிட்ட என்ன சொன்ன?”

அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தூரமாயிற்று. வெளியே போயிருக்கிறான்.

“அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?”

“சொல்லியிருந்தா உனக்கு எதுக்குப் போன் பண்றேன்?”

“அலமாக்... ஐயோ, பிப்ரவரி இருபது எவ்லின் பர்த்டே, அன்னிக்கு ரெண்டு பேரையும் உக்கார வச்சி சொல்றேன்னாரு அண்ணி. அதுக்குள்ள அவரே...”

“உயிரோட இருக்கானா?”

“இருக்கான்.”

“எங்க?”

“செடெனாக்ல.”

கூலாயிலிருந்து காரில் கால் மணி நேரம். போன மாதம்கூட முருங்கைக்காய் மலிவு என்று செடெனாக் சந்தைக்குப் போய்விட்டு வந்தாள்.

“எத்தன வருஷமா?”

“ஆறு வருஷமா. எஸ்டேட்ல லோரி ஓட்டுறான். எனக்கே இந்த ஜனவரியிலதான் தெரியும். டயர் மாத்த வந்தான், ஆளே அடையாளம் தெரியல. அதுக்கு முன்ன எங்க இருந்தான், ஏன் வரல, எல்லாம் அவனே சொல்லட்டும் அண்ணி. நா சொன்னா சரியா வராது.”

“கால் மணி நேரத் தூரத்துல இருந்துக்கிட்டு...”

“அண்ணன் சாவுக்கு வந்தான். மாஸ்க் போட்டுக்கிட்டு கேட்டுக்கு வெளியவே நின்னான். எவ்லின் எல்லாருக்கும் தண்ணி போத்தல் குடுத்துக்கிட்டு வந்துச்சாம். இவனுக்கும் குடுத்துச்சாம்.” ரூபேந்திரன் மூக்கை உறிஞ்சினான். “நா இன்னிக்கே போய் அவனப் பாக்குறேன் அண்ணி. இதுக்கு மேல தாங்காது.”

போனை வைத்த பிறகு முதலில் வந்தது கோபம். செத்துப்போன மனுஷன் மீது கோபப்படக் கூடாது என்று யார் சொன்னது? கமாவைக்கூட விடாமல் வாசித்துக் காட்டியவர், இதை மட்டும் எப்படி மூன்று வாரம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்? பதினெட்டு நவம்பர், உயிரோடு இருக்கிறவனுக்கு ஆத்தும சாந்தி கேட்டு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறோமே. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கோபம் அடங்கியதும் பயம் வந்தது. அது அடங்கவில்லை.

எவ்லினுக்குத் தெரிந்தால் போய்விடுவாள். பெற்ற தகப்பன். ரத்தம் இழுக்காமல் இருக்குமா? கெர்ட்ரூட் யார்? பெரியப்பாவின் மனைவி, அவ்வளவுதான். பெரியப்பாவும் இல்லை. இந்த வீட்டில் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிற நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நல்லவளாகவே அறுபது வருடம் வாழ்ந்துவிட்ட கெர்ட்ரூட் அன்று மத்தியானம் ஒரு கெட்ட காரியம் செய்தாள். பழைய பட்டியலை எடுத்தாள். மூன்று வாரமாக வராத கை இப்போது வந்தது. கடைசி வரியில் செபஸ்தியன் என்று அடித்தாள். பதினேழாம் வரியை அப்படியே விட்டாள். அச்சடித்தாள். புதிய கோப்பை அழித்துவிடலாம் என்று மவுஸ் வரை கை போயிற்று. அதற்கு மட்டும் துணிவு வரவில்லை.

நாலு மணிக்கு எவ்லின் வந்தாள். காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“பெரியம்மா, லிஸ்ட் ரெடியா? ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிறேன் லா. நடுவுல தடுமாறினா மானம் போயிரும்.”

“குளிச்சிட்டு, பசியாறிட்டு வாசியேன்.”

“மொதல்ல வாசிக்கிறேன்.”

தாளை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். தொண்டையைச் செருமினாள். மாமனார், மாமியார், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சித்தப்பா, மலாக்கா அத்தைகள் என்று வரிசையாக வந்தார்கள். நல்ல குரல். எல்லாப் பெயருக்கும் மரியாதை கொடுத்து வாசித்தாள்.

“பிலோமினா,” என்றாள். அவளுடைய அம்மா. அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தவள் நின்றுவிட்டாள்.

“என்னாச்சு?” என்றாள் கெர்ட்ரூட்.

“ஒண்ணுமில்ல. அம்மா பேரு ஈசியா வந்துருச்சு. அப்பா பேருதான்...” எவ்லின் தாளைத் தாழ்த்தினாள். “பெரியப்பா இந்த எடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பாப்பாரு, ஞாபகம் இருக்கா? இன்னிக்கு நானே சொல்லணும். அப்பா செத்துட்டாருன்னு இதுவரைக்கும் என் வாயால நா யாருகிட்டயும் சொன்னதில்ல பெரியம்மா. ஸ்கூல்ல கேட்டா, நீங்கதான் வந்து சொல்வீங்க. பரவால்ல. இன்னிக்குச் சொல்லிருவேன்.”

மூச்சை இழுத்துக்கொண்டு தாளை மறுபடி தூக்கினாள்.

“சொல்லாத,” என்றாள் கெர்ட்ரூட்.

“ஏன்?”

“சொல்லாதம்மா. இங்க வா.”

மேசைக்குக் கூட்டிப்போய் மடிக்கணினியைத் திருப்பினாள். இரண்டு பட்டியலும் காலையில் வைத்தபடியே அருகருகே இருந்தன. “நீயே பாரு. பதினேழாம் வரி.”

எவ்லின் பார்த்தாள். இடமும் வலமுமாகக் கண் போய்ப் போய் வந்தது. ஓரக் குறிப்பை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

“நேரில் சரிபார்த்ததுன்னா?”

“பெரியப்பா போய்க் கண்ணால பாத்துட்டு வந்திருக்காரு.”

“யார?”

“உங்கப்பாவ.”

எவ்லின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக நகர்த்தினாள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. கெர்ட்ரூட் ரூபேந்திரன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். செடெனாக், லோரி, ஆறு வருடம்.

“பெரியப்பா சாவுக்கு வந்திருக்காரு. நீ தண்ணி போத்தல் குடுத்தியாம்.”

“நா நூறு பேருக்குக் குடுத்தேன்,” என்றாள் எவ்லின். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு மடியில் கிடந்த தாளைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“காலைல. பத்தரை இருக்கும்.”

“அப்பறம் எப்படி இதுல அப்பா பேரு இருக்கு?”

கெர்ட்ரூட்டால் தலையைத் தூக்க முடியவில்லை. “நாந்தான் பழசப் பிரிண்ட் பண்ணேன்.”

“என்னை வாசிக்க விட்டுருப்பீங்களா?”

“விட்டுருப்பேன். உன் மூஞ்சியப் பாத்ததும் முடியல.”

“ஏன் பெரியம்மா?”

“நீ போயிருவேன்னு.”

இந்த இடத்தில் எவ்லின் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், கெர்ட்ரூட்டும் எதிர்பார்த்தாள். அவள் சொல்லவில்லை. திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு புதிய பட்டியலின் கடைசிக்குப் போனாள்.

“பெரியப்பா பேரு இதுல இல்ல,” என்றாள். திருமதி லிம்முக்குக் கீழே அவளே அடித்தாள். ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். அச்சடித்து, அந்தப் புதுத் தாளை நாலாக மடித்தாள். பழைய தாளை மேசையிலேயே விட்டாள்.

“குளிச்சிட்டு வர்றேன். லேட்டாயிரும்.”

அந்த வாக்கியத்தின் கடைசியில் பெரியம்மா வரவில்லை. கெர்ட்ரூட் கவனித்தாள்.

ஐந்தரைக்கு இருவரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். பூசையில் முறை வந்தபோது எவ்லின் மெழுகுவத்தியோடு எழுந்து போனாள். மாமியார் முதலில் வந்தார். பிலோமினா வந்தாள். பிலோமினாவுக்கு அடுத்து எவ்லின் ஒரு மூச்சு நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஞானப்பூ அத்தை வந்தார். கெர்ட்ரூட்டைத் தவிர அந்த இடைவெளி யாருக்கும் தெரிந்திருக்காது. ஜிம்மி என்று வாசித்தபோது குரலில் ஒரு சின்ன நடுக்கம். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. திருமதி லிம். செபஸ்தியன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் கெர்ட்ரூட் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். எட்டு மாதம் அடக்கியது ஒரேயடியாக வெளியே வந்தது.

கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது பக்கத்து இடம் காலியாக இருந்தது. பூசை முடிகிறவரை எவ்லின் வரவில்லை.

வெளியே வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை. கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எவ்லினின் கார் நிறுத்திய இடத்திலேயே இருந்தது. உள்ளே அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெர்ட்ரூட் நடந்து போய்க் கதவருகில் நின்றாள். எவ்லின் எட்டி உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறுங்க பெரியம்மா. நா மட்டும் தனியா போவேனா?”

கெர்ட்ரூட் ஏறினாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள், அவ்வளவுதான்.

“உங்க மேல கோவம்தான்,” என்றாள் எவ்லின். “அது அப்பறம். ரூபேன் அங்கிளுக்குப் போன் போடுங்க. செடெனாக்ல எந்த வீடுன்னு கேளுங்க.”

கெர்ட்ரூட் ரூபேந்திரன் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை, மூச்சு மட்டும்.

“ரூபேன்?”

“அண்ணி...”

அது ரூபேந்திரன் குரல் இல்லை. முன்பு போல ஓங்கி ஒலிக்கிற குரலும் இல்லை. தேய்ந்து கிழடு தட்டியிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கேட்க எத்தனையோ இருந்தன, திட்ட அதைவிட அதிகம் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

“அங்கிள் என்ன சொல்றாரு?”

“அங்கிள் இல்ல,” என்று கெர்ட்ரூட் போனை அவளிடம் நீட்டினாள். “உங்கப்பா.”

எவ்லின் என்ஜினை அணைத்தாள். போனை வாங்கிக் காதில் வைத்தாள். இன்னொரு கையால் கெர்ட்ரூட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது, கெர்ட்ரூட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“ஹலோ,” என்றாள் எவ்லின். “யாரு பேசுறீங்க?”

தெரிந்தேதான் கேட்டாள். அந்தக் குரலே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.